காணப்படுவோரும் காட்டுவோரும்

தருமபுரி மாவட்டத்து அரூரை அடுத்துக் கிழக்குத் தொடர்ச்சி மலையில் அமைந்த சித்தேரியைக் காண விரும்புவோர் இன்று மலையேற வேண்டியதில்லை. கைப்பேசியில் அதன் பெயரை இட்டால் போதும். வளைந்தேறும் பாதையும் மழைக்கால அருவியும் பனி மூடிய முகடுகளும் காணொளிகளாய் விரிகின்றன. இருசக்கர வண்டியில் வந்து பொழுது சாயுமுன் திரும்பியோர் எடுத்தவை அவை. தலைமுறை தலைமுறையாய் அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் அவற்றில் தோன்றுகின்றனர், பேசுவோர் வந்தவர்களே. இணையக் காணொளி எளியோர்க்குப் புகழின் வாயிலைத் திறந்துவிட்டதென்று எங்கும் சொல்லப்படுகிறது. அவ்வாயில் எவர்க்கு எவ்வளவு திறந்தது என்பதைச் சித்தேரியில் நின்று நோக்குவது தகும்.

வாயில் திறந்தது மெய்யே. நாட்டுப்புறப் பாடகி கொல்லங்குடி கருப்பாயியின் குரல் ஊரெல்லையைக் கடக்க வானொலி நிலையம் இடங்கொடுக்க வேண்டியிருந்தது. 1985இல் 'ஆண்பாவம்' திரைப்படம் அழைத்த பின்னரே அவர் முகத்தை நாடறிந்தது. தேர்ந்தெடுக்க ஒருவர் வாய்க்காத கருப்பாயிகள் எத்தனையோ பேர் வயற்காட்டிலேயே பாடி மறைந்தனர். இன்றைய நிலை வேறு. புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தில் முதியவர் பெரியதம்பியும் அவர் பேரர்களும் வயல்வெளியில் அடுப்பு மூட்டிச் சமைத்ததைப் படமெடுத்து 2018 முதல் வெளியிட்டனர். எந்த நிலையத்தின் இசைவுக்கும் அவர்கள் காத்திருக்கவில்லை. 'வில்லேஜ் குக்கிங் சேனல்' என்னும் அவ்வலைக்காட்சி 2021இல் ஒரு கோடி உறுப்பினர்களைப் பெற்றது. தமிழில் அவ்வெல்லையை முதலில் தொட்டது அதுவே. திரையுலகம் அவர்களைத் தேடிச் சென்றது. அவர்கள் திரையுலகத்தைத் தேடிச் செல்லவில்லை. கலைக்கும் புகழுக்கும் இடையே நின்ற பழைய காவலர் விலகியதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா.

ஆயினும் காவலே ஒழிந்துவிட்டதென எண்ணுவது பிழை. முன்பு மனிதர் இருந்த இடத்தில் இன்று கணக்கு இருக்கிறது. எத்தனை பேர் பார்த்தனர், எத்தனை நொடி நிலைத்தனர், எந்த நொடியில் விலகினர் என்பவற்றை எண்ணி, எதை முன்னே நிறுத்துவது, எதைப் புதைப்பது என்று அது தீர்மானிக்கிறது. அக்கணக்குக்கு இசைந்த கலை தழைக்கும், இசையாதது வாடும். தருமபுரி வட்டாரத்துத் தெருக்கூத்து இரவெல்லாம் நிகழ்வது. கட்டியங்காரன் வந்து அவையைக் கலகலப்பாக்கி, வேடங்கள் ஒவ்வொன்றாய்த் திரை விலக்கித் தோன்றி, நள்ளிரவு கடந்து துயரம் திரண்டு, விடியலில் முடிவது அதன் இலக்கணம். அக்கூத்தில் அரை நிமிடத்தைத் துண்டித்துப் போட்டால் அடவும் முடியும் மின்னும், கூத்து இராது. காத்திருக்கும் அவையால் வளர்ந்த கலையை, காத்திருக்க மாட்டாத விரலின் தீர்ப்புக்கு உட்படுத்துகிறோம். திறமை வெளிப்பட வழி பிறந்ததைப் போற்றும்போதே, எவ்வகைத் திறமை வெளிப்படுகிறது என்பதையும் கேட்டாக வேண்டும்.

பொருளின் வழியும் அத்தகையதே. ஆயிரம் உறுப்பினர், ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வை அல்லது 90 நாளில் குறுங்காணொளிகளுக்கு ஒரு கோடிப் பார்வை. இவ்வளவு சேர்த்த பின்னரே யூடியூப் விளம்பர வருவாயில் பங்கு தருகிறது. நெடுங்காணொளிக்கு அப்பங்கு நூற்றுக்கு 55. பெரும்புகழே வாய்த்தாலும் பொருள் வந்து சேரும் என்னும் உறுதியில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த பாட்டியின் நினைவைப் பாடகரான பேரன் அறிவு பாடலாக்க, 2021இல் வெளிவந்த 'எஞ்சாயி எஞ்சாமி' கோடிக்கணக்கானோரைச் சென்றடைந்தது. 2024 மார்ச்சில் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன், அப்பாடலால் தமக்கும் பாடகி தீக்கும் அறிவுக்கும் வருவாய் எதுவும் வரவில்லை என வெளிப்படையாகக் கூறினார். பெயர்பெற்ற கலைஞர்க்கே இந்நிலையெனில் பெயரற்றோர் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை. மேடையும் பிறர் உடைமை. 2020 சூன் 29 அன்று டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளை நடுவணரசு தடை செய்தபோது, அவற்றில் பெயர் ஈட்டியிருந்த சிற்றூர்க் கலைஞர் பலர் ஓரிரவில் அவையிழந்தனர்.

இனி, மலைமக்களுக்கே உரிய துயரொன்று உண்டு. வெளியூரார் ஒருவர் சித்தேரிக்கு வருகிறார். முற்றத்தில் ஒரு மூதாட்டி சாமையை உரலிலிட்டுக் குற்றுகிறார், முறத்தில் புடைக்கிறார், உமி போகாததை மீண்டும் உரலிலிடுகிறார். உலக்கை எழுந்து விழும் முதல் சில கணங்கள் படத்தில் நிற்கும். தோள் சோரும் எஞ்சிய பொழுது வெட்டப்படும். இசை சேர்ந்து, இயற்கை வாழ்வு என்னும் தலைப்பும் சேர்ந்து அது உலகெங்கும் செல்லும். அம்மூதாட்டியிடம் இசைவு கேட்டவர் உண்டா? படத்தை அவருக்குக் காட்டியவர் உண்டா? வருவாயில் அவர் பங்கு எது? இவ்வினாக்கள் மிகையல்ல. அந்தமானில் சாரவாப் பழங்குடி மகளிரைச் சுற்றுலாப் பயணிகளுக்காக ஆடச்செய்து எடுத்த படம் 2012 சனவரியில் வெளியாகி நாட்டைத் தலைகுனியச் செய்தது. அத்தகைய காணொளிகளை யூடியூபிலிருந்து நீக்கத் தேசியப் பழங்குடியினர் ஆணையம் 2017இல் தலையிட நேர்ந்தது.

அதனால் படக்கருவியே மலைக்கு ஆகாதென்று சொல்லவில்லை. காணப்படாமையின் கேட்டை இம்மலை நன்கறியும். இதன் அடிவாரத்து ஊராகிய வாச்சாத்தியில் 1992 சூன் 20 அன்று அரசுப் பணியாளர் நிகழ்த்திய கொடுமைக்குப் படச்சான்று இல்லை. தம் வாய்மொழிச் சான்றையே முதன்மையாகக் கொண்டு அம்மக்கள் போராடினர். அப்பணியாளர் குற்றவாளிகளெனத் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2011 செப்டம்பர் 29இல். உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023இல். தம் கையில் படக்கருவியும் தம் ஊரில் அலைத்தொடர்பும் உடையவர் குரல் அத்துணை எளிதில் மறுக்கப்படாது. ஆகவே மலைமக்கள் காணப்படலாமா என்பது வினாவன்று. காட்டும் உரிமை எவருடையது என்பதே வினா.

அவ்வுரிமைக்குச் சட்டத்தில் இடமுண்டு. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பண்பாட்டுப் பன்மை சார்ந்த மரபறிவின்மீதும் அறிவுசார் சொத்தின்மீதும் வனவாழ் மக்களுக்குச் சமுதாய உரிமையை 3(1)(k) பிரிவில் ஏற்கிறது. பாடுவோர்க்கும் ஆடுவோர்க்கும் தம் நிகழ்த்துதலின்மீதுள்ள உரிமையைப் பதிப்புரிமைச் சட்டம் ஏற்கிறது; 2012ஆம் ஆண்டுத் திருத்தம் வணிகப் பயன்பாட்டின் வருவாயில் அவர்க்குப் பங்கையும் உறுதி செய்தது. ஏட்டிலுள்ள இவற்றை நடைமுறைக்குக் கொணர்வது அரசின் கடன். வணிக நோக்கில் மலைமக்களின் ஆடலையும் பாடலையும் படமெடுப்போர் கிராம சபையின் இசைவைப் பெறவும், வருவாயில் பங்கு தரவும் விதி வகுக்க வேண்டும்.

தொடர்பின்றி இவை எவையும் பயன் தாரா. இணைப்பில்லாத 24,680 சிற்றூர்களுக்கு 4ஜி வழங்க 26,316 கோடி ரூபாய்த் திட்டத்திற்கு ஒன்றிய அமைச்சரவை 2022 சூலையில் ஒப்புதல் அளித்தது. மலையூர்களில் கோபுரம் நட்டதைக் கணக்கில் காட்டினால் போதாது. மழைக்காலத்திலும் மின்தடையிலும் அது இயங்க வேண்டும். பழங்குடியினர் பள்ளிகளில் படமெடுத்தலும் ஒலிப்பதிவும் படத்தொகுப்பும் தொழிற்கல்வியாக வேண்டும். உதகையிலுள்ள பழங்குடியினர் ஆய்வு மையம் அம்மாணவரைக் கொண்டே அவர்தம் பாட்டையும் கதையையும் முழுமையாகப் பதிவு செய்து, அம்மக்கள் பெயரிலேயே பேண வேண்டும்.

புகழ் எவரையும் தேடி வரலாம், வராமலும் போகலாம். அதை எந்த அரசும் பங்கிட்டுத் தர இயலாது. தன்னைத் தானே சொல்லும் வாய்ப்பையோ தர இயலும்; தந்தே தீர வேண்டும். சித்தேரியைப் பற்றிச் சித்தேரியார் எடுத்த காணொளிகள் பெருகும் நாளில்தான், இணையம் எளியோர்க்கு வாயில் திறந்தது என்னும் கூற்று இம்மலைக்கும் பொருந்தும். அதுவரை அது சமவெளியாரின் பெருமிதமே.