வயரைக் கழட்டிப் பாருங்கோ

நாங்கள் நாலு பேர் சேர்ந்து முதன்முதலாக ஒரு உண்மையான மெஷினுக்கு எழுதிய புறோகிராம், ஒரு அரிசி மில்லில் நெல்லை மேலே ஏற்றுகிற எலவேட்டருக்கானது. பச்சை பட்டனை அழுத்தினால் ஓட வேணும், சிவப்பை அழுத்தினால் நிற்க வேணும். லடர் லொஜிக் வகுப்பில் முதல் நாளே படிப்பிக்கிற விசயம். லப்டொப்பில் எத்தனையோ தரம் ஓட்டிப் பார்த்திருந்தோம். பனலைப் பூட்டி முடித்து, அந்த மில்லில் இருபது வருசமாக வயரிங் பார்க்கிற அண்ணையைக் கூப்பிட்டுக் காட்டினோம். ஓடியது, நின்றது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. பேசாமல் ஸ்குரூடிரைவரை எடுத்து, சிவப்பு பட்டனில் இருந்து வாற வயரைக் கழட்டிவிட்டார்.

"இப்ப நிப்பாட்டுங்கோ பாப்பம்."

நிற்கவில்லை. அழுத்தினோம், திருப்பியும் அழுத்தினோம். எலவேட்டர் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் அவரே பிரேக்கரை இறக்கினார். "எலி கடிச்சா என்ன செய்வியள்?" எண்டு மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. வகுப்பில் எலி இல்லைத்தானே. சிமுலேட்டரில் வயர் கழராது, பட்டன் கறள் பிடிக்காது, பெல்ட்டுக்குப் பக்கத்தில் ஒருத்தரின் கையும் இருக்காது.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். பிஎல்சி என்பது மெஷினை நடத்துகிற ஒரு சின்னக் கொம்பியூட்டர். பட்டன், சென்சர் எல்லாவற்றிலும் கரண்ட் வருகிறதா இல்லையா என்று முதலில் வாசிக்கும். பிறகு புறோகிராமை மேலிருந்து கீழே ஒருக்கால் பார்க்கும். பிறகு மோட்டரை ஓட்டு, லைற்றைப் போடு என்று வெளியே அனுப்பும். இதையே ஒரு செக்கனுக்குள் பல தரம் திருப்பித் திருப்பிச் செய்துகொண்டிருக்கும். அந்தப் புறோகிராமை எழுதுகிற ஒரு முறைதான் லடர். இரண்டு பக்கமும் இரண்டு நிலைக்குத்துக் கோடு, நடுவில் படிகள், பார்க்க ஏணி மாதிரியே இருக்கும்.

இந்த ஏணி வந்த கதையை எங்களுக்கு ஒருத்தரும் வகுப்பில் சொல்லவில்லை. 1968இல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டர்ஸ் கொம்பனியின் ஹைட்ராமட்டிக் பிரிவு, ரிலேக்கள் நிறைந்த பெரிய பெரிய பனல்களுக்குப் பதிலாக வேறு ஒன்றைத் தேடியது. காரின் மொடல் மாறும்போதெல்லாம் அந்தப் பனல்களைத் திருப்பி வயர் பண்ண வேண்டியிருந்தது. டிக் மோர்லியும் அவரோடு வேலை செய்தவர்களும் உருவாக்கிய மொடிகொன் 084 அதற்கான பதில்களில் ஒன்று. அவர்களின் 84ஆவது புறொஜெக்ட் என்றபடியால்தான் அந்த இலக்கம். புறோகிராம் எழுதத் தெரிந்த ஆட்களுக்காக அந்த ஏணி வரையப்படவில்லை. பக்டரியில் ஏற்கெனவே ரிலே வரைபடம் பார்த்து வேலை செய்துகொண்டிருந்த எலெக்ட்ரீசியன்மார் பார்த்தவுடனே விளங்கிக்கொள்ள வேணும் என்பதற்காகத்தான் அந்த வடிவம்.

இங்கே நடப்பது தலைகீழ். அந்த அண்ணையைப் போல ஆட்களிடம் "இது கொம்பியூட்டர் வேலை, உங்களுக்குச் சரிவராது" எண்டு சொல்லுகிறார்கள். வகுப்பு இங்கிலிசில் நடக்கும், நோட்ஸும் இங்கிலிசில். வயரிங் தெரிந்தவர் வெளியே நிற்கிறார், வயரைத் தொட்டும் பார்க்காத நாங்கள் உள்ளே இருந்து சேர்டிபிக்கற் வாங்குகிறோம். இது பிழை என்றுதான் சொல்ல வருகிறோம். அநியாயம் என்பதற்காக மட்டும் இல்லை, ஆபத்து என்பதற்காகவும்.

எங்கட பிழை எங்கே நடந்தது என்பதையே எடுங்கள். லடரில் இரண்டு வகைக் கொன்டக்ட் இருக்கு. ஒன்று வெறும் இரண்டு கோடு, மற்றதில் குறுக்கே ஒரு கோடு. வகுப்பில் இதை "எக்ஸாமின் இஃப் குளோஸ்ட்", "எக்ஸாமின் இஃப் ஓப்பன்" எண்டு பாடமாக்கினோம். ஓப்பன், குளோஸ்ட் என்பது பட்டனுக்கா, படத்துக்கா என்று ஒருத்தருக்கும் விளங்கவில்லை. நிற்பாட்டுகிற பட்டன் என்றால் குறுக்குக்கோடு போட வேணும் என்று மனதில் பதிந்துபோச்சு, அவ்வளவுதான்.

மில்லில் நிலத்தில் இருந்து கதைக்கேக்கதான் எங்களில் ஒருத்தி அதைத் தமிழில் சொல்லிப் பார்த்தாள். குறுக்குக்கோடு இல்லாதது கேட்பது: "வருதோ?" குறுக்குக்கோடு உள்ளது கேட்பது: "வரேல்லையோ?" இவ்வளவுதான். நாங்கள் போட்டிருந்தது அழுத்தினால் மட்டும் கரண்ட் விடுகிற பட்டன், படத்தில் "வரேல்லையோ?" வயர் கழன்றால் என்றைக்குமே வராது. "வரேல்லையோ?" "ஓம், வரேல்லை." அப்ப ஓடு. அது ஓடிக்கொண்டே இருக்கும்.

சரியான முறை இதற்கு எதிர்மாறு. சிவப்பு பட்டனில் எப்போதும் கரண்ட் போய்க்கொண்டிருக்க வேணும், அழுத்தினால் அறுபட வேணும். படத்தில் "வருதோ?" என்று கேட்க வேணும். அப்ப எலி கடித்தாலும் ஆள் அழுத்தினாலும் ஒன்றுதான், மோட்டர் நிற்கும். பட்டனுக்குப் பின்னால் இருக்கிற துண்டை மாற்றி, குறுக்குக்கோட்டை அழிக்கப் பத்து நிமிசம் பிடித்தது. ஆபத்துக்கு அடிக்கிற காளான் பட்டனையும் பிஎல்சியை மட்டும் நம்பி விடாமல், கொன்டக்டருக்குப் போற கரண்டையே நேராக வெட்டுகிற மாதிரி அண்ணை வயர் பண்ணித் தந்தார்.

கரண்ட் விசயமும் அப்படித்தான். 2022இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினவங்கள், மறக்கேலாது. கரண்ட் போய்த் திரும்ப வரும்போது மெஷின் தானாக ஓடத் தொடங்கலாமா? பச்சை பட்டனுக்குப் பக்கத்தில் மோட்டரின் கொன்டக்டையே போட்டுப் பிடித்துவைக்கிற பழைய முறையில் பிடி விட்டுப்போகும், ஆள் வந்து அழுத்தினால்தான் ஓடும். செற், ரீசெற் என்று எழுதி, அதைக் கரண்ட் போனாலும் மறக்காத இடத்தில் வைத்திருந்தால், பெல்ட்டைத் துப்புரவாக்கிக்கொண்டிருக்கிறவரின் கையோடு சேர்த்து ஓடும். கரண்ட் வெட்டுக்குள்ளேயே வளர்ந்த எங்களுக்கு இதை முதல் வாரமே சொல்லித் தந்திருக்க வேணும்.

"இங்கிலிஸ் இல்லாமல் மனுவல் வாசிக்கேலாது, பிழைக் கோட் விளங்காது" எண்டு சொல்லுவார்கள். உண்மைதான். ஆனால் அது இரண்டாம் மாதத்து வேலை. வருதோ, வரேல்லையோ என்பது விளங்கின பிறகு அந்த முப்பது, நாற்பது சொல்லை ஆரும் பிடித்துவிடலாம். மென்பொருள் விலை என்பதும் முழுக் காரணம் இல்லை. ஓப்பன்பிஎல்சி சும்மா கிடைக்கிறது. முதல் கிழமைக்கு அதுவும் தேவையில்லை, இரண்டு பட்டன், ஒரு ரிலே, ஒரு பல்ப், 24 வோல்ட் இருந்தால் காணும். நாங்கள் கேட்பது இதுதான். வயரிங் தெரிந்தவரை இங்கிலிஸ் கேட்காமல் வகுப்பில் சேருங்கள், தமிழில் தொடங்குங்கள். சோதனை நாளில் ஒரு வயரைக் கழட்டிவிட்டு "நிப்பாட்டு" என்று சொல்லுங்கள். அதில் நிற்காத புறோகிராமுக்குப் புள்ளி போடாதீர்கள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணை எங்களோடு கொப்பியில் ஏணி கீறுகிறார். போன கிழமை முழுக்க ரைமரில் சண்டை. எலவேட்டரையும் அதற்கு நெல் கொட்டுகிற பெல்ட்டையும் நாங்கள் ஒன்றாக நிற்பாட்டியிருந்தோம். அவர் பென்சிலைப் பறித்து வெட்டினார். "முதல்ல பெல்ட்டை நிப்பாட்டோணும். வாளியளில இருக்கிற நெல்லு கொட்டி முடியுமட்டும் இது ஓடோணும். இல்லாட்டி அடியில அடைச்சுப்போடும், நான்தான் கையை விட்டு அள்ளோணும்." எத்தனை செக்கன் என்று கேட்டோம். எழும்பிப் போய் எலவேட்டருக்குப் பக்கத்தில் நின்று எண்ணத் தொடங்கினார்.