பில்டர் மாட்டப் போகிறீர்களா? எந்தத் தண்ணீரில்?

காலை 10 மணி. காலிங் பெல் அடித்தது. கதவைத் திறந்தேன். ஒரு பையன் நின்றான். தோளில் பை. கையில் டிரில் மெஷின்.

"சார், பில்டர் மாட்ட வந்திருக்கேன். பிளக் பாயிண்ட் எங்கே?"

அவன் கேட்ட கேள்வி அது ஒன்றுதான்!

அரை மணி நேரத்தில் சுவரில் ஓட்டை போட்டான். ஆர்.ஓ. மெஷினைத் தொங்கவிட்டான். சிங்க்குக்கு அடியில் புகுந்து ஏதோ முடுக்கினான். வெள்ளை டியூபை மேலே ஏற்றினான். பச்சை விளக்கு எரிந்தது. "முதல்ல வர்ற தண்ணியக் குடிக்காதீங்க சார், கொட்டிடுங்க" என்றான். ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினான். போயே போய்விட்டான்.

நானும் எதுவும் கேட்கவில்லை. 15 ஆயிரம் ரூபாய் கொடுத்தாயிற்று. கம்பெனி ஆள் வந்து மாட்டியாயிற்று. இனி என்ன கவலை என்று இருந்துவிட்டேன்.

இரவு இரண்டரை மணிக்குக் கதவைத் தட்டினார்கள். கீழ் வீட்டு ஓனரம்மா.

"என்னங்க இது? உங்க வீட்டுத் தண்ணி படியில இறங்கி எங்க வாசல்ல ஓடுது!"

விளக்கைப் போட்டேன். அடுப்படி வெள்ளக்காடு. ஹாலில் கணுக்கால் நனைகிற தண்ணீர். என் மனைவியின் தையல் துணி மூட்டை மிதக்காத குறை. மெஷினுக்குப் போகும் டியூப் கழன்று, பாம்பு மாதிரி ஆடிக்கொண்டு தண்ணீரைப் பீச்சிக்கொண்டிருந்தது.

அசையாத வால்வு!

அடுப்படி லைனுக்கு ஒரு பித்தளை கேட் வால்வு உண்டு. ஓடிப்போய்த் திருகினேன். அசையவில்லை. பத்து வருஷமாக யாரும் தொடாத வால்வு, அந்த நேரத்தில் மட்டும் எப்படித் திரும்பும்?

மொட்டை மாடிக்குப் போய் டேங்கையே மூட வேண்டியதுதான். மொட்டை மாடிச் சாவி எங்கே? ஓனரம்மாவின் பீரோவில். பீரோச் சாவி எங்கே? அவருடைய மகனிடம். மகன் நைட் ஷிப்ட்!

அவரைப் போனில் பிடித்து, சாவி இருக்கும் இடம் கேட்டு, மேலே ஏறி வால்வை மூடும்போது டேங்கின் அடியில் ஒரு ஜாண் தண்ணீர்தான் மிச்சம். மூடியது மூடியதுதான். திறந்தால் மறுபடி என் வீட்டில் கொட்டும். ஆகவே மறுநாள் பிளம்பர் வரும்வரை நாலு வீட்டுக்கும் தண்ணீர் இல்லை. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள், ஆபீஸ் போகிறவர்கள், எல்லாரும் பக்கெட்டோடு சம்ப்பில் மொண்டார்கள். யாரும் என்னிடம் பேசவில்லை. பேசியிருந்தால் தேவலாம்!

ஒன்பது மணிக்குப் பிளம்பர் வந்தார். வயதானவர். சிங்க்குக்கு அடியில் கையை விட்டார். காஸ் சிலிண்டருக்குப் பின்னால் ஒரு சின்னக் கைப்பிடியைத் தொட்டுக் காட்டினார்.

"இதைத் திருப்பியிருந்தா போதுமே சார்?"

பில்டருக்கென்று அந்தப் பையன் போட்ட வால்வு அது. அவன் காட்டவில்லை. நான் கேட்கவில்லை. டியூபைப் பிளேடால் சாய்வாக வெட்டியிருக்கிறான். சாய்ந்த முனை கனெக்டருக்குள் முழுசாக உட்காராது. பகலெல்லாம் பிடித்துக்கொண்டு நின்றது; ராத்திரி கழன்றுவிட்டது.

இது சின்ன விஷயம். பெரியவர் அடுத்துச் சொன்னதுதான் பெரிய விஷயம். அதற்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

பேனா மாதிரி ஒரு மீட்டர்

சட்டைப் பையிலிருந்து பேனா மாதிரி ஒன்றை எடுத்தார். டி.டி.எஸ். மீட்டர். தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும். ஒரு லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று கணக்கு.

அடுப்படிக் குழாய்த் தண்ணீரில் வைத்தார். 870.

கீழே போய் சம்ப்பில் வைத்தார். அது மெட்ரோ வாட்டர். 290.

போர்த் தண்ணீரைப் பிடித்து வைத்தார். 1,400!

"புரியுதா சார்? கீழே இருக்கிற நல்ல தண்ணியையும் போர்த் தண்ணியையும் ஒரே டேங்க்ல ஏத்தறீங்க. அது உப்பாகுது. அப்புறம் உப்பை எடுக்க மெஷின் வாங்கறீங்க."

எனக்குச் சுருக்கென்றது. நல்ல பாலில் நாமே உப்பைப் போட்டுவிட்டு, அதைப் பிரிக்க மெஷின் வாங்கிய கதை அல்லவா இது?

என் வீட்டுக் கதை மட்டும் என்று நினைக்காதீர்கள். உங்கள் கட்டடத்தில் எத்தனை டேங்க் என்று இன்று மாலை வீட்டுக்குப் போனதும் மொட்டை மாடியில் ஏறிப் பாருங்கள். ஒன்றே ஒன்றுதான் என்றால், உள்ளே இறங்கும் குழாய்கள் எத்தனை என்று எண்ணுங்கள். இரண்டு என்றால் நீங்களும் என் கட்சி!

குடிக்கும் தண்ணீரில் டி.டி.எஸ். 500-க்குள் இருப்பது நல்லது என்கிறது இந்தியத் தர நிர்ணய அமைவனம். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை போகலாம் என்றும் சொல்கிறது. சம்ப்பில் இருந்த 290-க்கு ஆர்.ஓ. எதற்கு?

2019 மே மாதம் தேசிய பசுமைத் தீர்ப்பாயமும் இதைத்தான் சொன்னது. 500-க்குக் குறைவாக உள்ள இடங்களில் ஆர்.ஓ. மெஷினைத் தடை செய்ய வேண்டும் என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது. அனுமதிக்கும் இடத்திலும், உள்ளே போகிற தண்ணீரில் 60 சதவீதமாவது நல்ல தண்ணீராக வெளியே வர வேண்டும் என்றது.

வீட்டு மெஷின்கள் பல எப்படி வேலை செய்கின்றன? ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் தந்தால் மூன்று லிட்டரை வெளியே தள்ளுகின்றன. குடிக்க, சமைக்க ஒரு வீட்டுக்கு நாளைக்கு 20 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 லிட்டர் சாக்கடைக்கு. மாதத்துக்கு 1,800 லிட்டர்.

2019 ஜூலை 12-ந் தேதி நினைவிருக்கிறதா? ஜோலார்பேட்டையில் இருந்து வில்லிவாக்கத்துக்கு ரெயிலில் தண்ணீர் வந்த நாள். 50 வாகன்கள். ஒவ்வொன்றிலும் 50 ஆயிரம் லிட்டர். மாலை போட்டு வரவேற்றோம். 28 வீட்டு மெஷின்கள் ஒரு மாதம் சாக்கடைக்கு அனுப்புகிற தண்ணீர், அந்த வாகன் ஒன்றுக்குச் சமம்!

"அப்ப கிருமி?"

"மெட்ரோ வாட்டரை நம்பி அப்படியே குடிக்கச் சொல்கிறீரா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. இல்லை. சொல்லவில்லை.

டி.டி.எஸ். மீட்டர் உப்பைத்தான் காட்டும். கிருமியைக் காட்டாது. 290 என்று வந்தாலும் கிருமி இருக்கலாம். அதற்கு யு.வி. விளக்கு வைத்த பில்டர் போதும். தண்ணீர் கலங்கல் இல்லாமல் இருக்க வேண்டும். கலங்கலாக இருந்தால் அதற்கு முன்னால் ஒரு நூல் கேண்டில். அதுவும் முடியாதவர்களுக்கு, கொதிக்க வைப்பது என்ற பழைய வழி எங்கும் போகவில்லை. யு.வி. மெஷின் தண்ணீரைச் சாக்கடைக்குத் தள்ளாது. உப்பை எடுக்காது, அவ்வளவுதான்.

போர்த் தண்ணீரும் லாரித் தண்ணீருமே கதி என்று இருக்கிற புறநகர்க்காரர்கள் விஷயம் வேறு. ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு என்று உப்பு இருந்தால் ஆர்.ஓ.வை விட்டால் வழியில்லை. அவர்களை நான் குறை சொல்லவில்லை. நல்ல தண்ணீர் வாசல்வரை வந்தும் அதைக் கெடுத்துக்கொள்கிறோமே, அந்தக் கூட்டத்தைத்தான் சொல்கிறேன். அந்தக் கூட்டத்தில் முதல் ஆள் நான்.

சரி, மாட்டுவதென்றால் எப்படி மாட்டுவது? பெரியவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, காபி கொடுத்துக் கேட்டேன்.

பில்டருக்கென்று தனி வால்வு வேண்டும். அது கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும். மாட்டுகிறவன் போவதற்கு முன்னால் வீட்டு அம்மாவைக் கூப்பிட்டு, ஒரு தடவை அவர் கையாலேயே மூடித் திறக்கச் சொல்ல வேண்டும். ஊருக்குப் போனால் அதை மூடிவிட்டுப் போக வேண்டும். டியூபை நேராக வெட்ட வேண்டும். வாஷரும் டெப்லான் டேப்பும் போட்டால் போதும். பலம் இருக்கிறதென்று ஸ்பேனரால் முடுக்கினால் பிளாஸ்டிக் நட்டு விரிசல் விடும். அன்றைக்குத் தெரியாது, ஒரு மாதம் கழித்துச் சொட்டும்.

அடுத்தது பிரஷர். 10 மீட்டர் உயரத்தில் டேங்க் இருந்தால் ஒரு கிலோ பிரஷர். மேல் மாடிக்காரர்களுக்கு டேங்க் தலைக்கு மேலேயே இருக்கும். 10 அடிதான் உயரம் என்றால் 0.3 கிலோ. பல மெஷின்களுக்குக் குறைந்தது இதுவாவது வேண்டும். மெஷின் விட்டு விட்டு ஓடினால் மெஷினைத் திட்டாதீர்கள், உயரத்தை அளந்து பாருங்கள். பத்து மாடிக் கட்டடத்தில் கீழ் வீடு என்றால் நேர்மாறு. அங்கே மூன்று கிலோ அடிக்கும். பிரஷரைக் குறைக்கிற வால்வு வைக்காவிட்டால் என் வீட்டு வெள்ளம் அங்கேயும் வரும்.

பிரஷர் போதவில்லை என்று தெருக் குழாயில் நேரே மோட்டாரைப் போட்டு உறிஞ்சுகிற கில்லாடிகளும் உண்டு. அது சட்டப்படி தப்பு. அது மட்டுமல்ல, குழாயில் எங்காவது விரிசல் இருந்தால் பக்கத்துச் சாக்கடையையும் சேர்த்து உறிஞ்சும். பிறகு எந்தப் பில்டர் போட்டு என்ன?

கழிவு டியூபைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிங்க் ஓட்டைக்குள் திணித்துவிட்டுப் போகிறார்கள். கூடாது. சாக்கடைக்கும் அந்த டியூபுக்கும் ஒட்டுறவே கூடாது. மேலே தொங்கியபடி விழட்டும். அதைவிட, ஒரு பக்கெட்டில் விடுங்கள். தரை துடைக்க, பாத்திரம் கழுவ ஆகும். பூந்தொட்டிக்கு மட்டும் தினமும் ஊற்றாதீர்கள். உள்ளே போன உப்பெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. ரோஜாச் செடி கருகிவிடும்.

யார் தப்பு?

பையனைத் திட்டி என்ன செய்ய? நாளைக்கு இத்தனை வீடு என்று அவனுக்குக் கணக்கு. வெயிலில் பைக்கில் சுற்றுகிறான். கம்பெனி அவனுக்குக் கொடுத்த காகிதத்தில் பிளக் பாயிண்ட்டுக்குக் கட்டம் இருக்கிறது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதற்குக் கட்டம் இல்லை!

நான் கேட்பது இதுதான். மெஷின் விற்கிறவர்கள், விற்பதற்கு முன்னால் தண்ணீரை அளந்து, அந்த எண்ணை பில்லிலேயே எழுதித் தரட்டும். 290 என்று எழுதிவிட்டு ஆர்.ஓ. மெஷினை எப்படித் தலையில் கட்டுவார்கள், பார்க்கலாம். கட்டடம் கட்டுகிறவர்கள் குடிநீருக்குத் தனி டேங்க், அடுப்படிக்குத் தனிக் குழாய் வைக்கட்டும். இது ஒன்றும் புதுசு இல்லை. அடுப்படியில் மெட்ரோவுக்கு ஒன்று, போருக்கு ஒன்று என்று இரண்டு குழாய் வைத்த பழைய பிளாட்டுகள் சென்னையில் எத்தனையோ உண்டு. மாடுலர் கிச்சன் வந்ததும் ஒரு குழாய் அழகாக இருக்கிறது என்று எடுத்துவிட்டோம். பிளான் அனுமதி தருகிற அதிகாரிகள், மழைநீர்ச் சேகரிப்புத் தொட்டியைக் கேட்கிற மாதிரி இதையும் கேட்டால் என்ன?

எங்கள் கட்டடத்தில் சண்டையோடுதான் ஆரம்பித்தது. "வாடகைக்கு இருக்கிறவங்களுக்கு எதுக்குத் தனி டேங்க்?" என்றார் ஓனரம்மா. பெரியவர் பேனா மீட்டரை அவர் வீட்டுக் குழாயில் வைத்துக் காட்டினார். சொந்த வீட்டுத் தண்ணீரும் 870 என்றதும் ஓனரம்மா வாயைத் திறக்கவில்லை. மேலே 500 லிட்டரில் ஒரு சின்ன டேங்க். அரை அங்குலக் குழாய் நாலு அடுப்படிக்கும். வீட்டுக்கு மூவாயிரம் ரூபாய் ஆயிற்று. என் பங்கோடு, நனைந்த படிக்கட்டுச் சுவருக்கு வெள்ளையடித்த கூலியையும் நானே கொடுத்தேன். கேட்டு வாங்கினார்கள்!

என் ஆர்.ஓ. மெஷின் இப்போது சுவரில் சும்மா தொங்குகிறது. கம்பெனியில் திருப்பி எடுக்க மாட்டார்களாம்.

போன வாரம் கீழே பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பில்டர் வாங்கினார். யு.வி.தான். மாட்ட வந்தவன் அதே பையன்! என்னைப் பார்த்ததும் சிரித்தான். "பிளக் பாயிண்ட் எங்கே சார்?" என்று கேட்டுக்கொண்டே அடுப்படிக்குள் போனான். போனவன் அப்படியே நின்றான். பையைக் கீழே வைத்துவிட்டு ஆபீசுக்குப் போன் போட்டான்.

"சார், இங்க ரெண்டு குழாய் இருக்கு சார். எதுல மாட்டறது?"