மடல் எழுதும் கை மடங்கலாமா?

டென்மார்க்கு நாட்டின் அஞ்சல் நிறுவனம், 1624-ஆம் ஆண்டு தொட்டு நடந்துவந்த மடற்பணியை 2025-ஆம் ஆண்டின் இறுதியோடு நிறுத்திக்கொண்டது. தெருவோரத்துச் செந்நிறப் பெட்டிகளும் பெயர்த்தெடுக்கப்பட்டன. இந்தியாவில் தந்தி 2013 சூலையில் ஓய்ந்தது. தந்திக்காக எவரும் அழவேண்டுவதில்லை. விரைவு ஒன்றே அதன் பயன். அதனினும் விரைந்த கருவி வந்தபின் அது விடைபெறுவது முறையே. மடலின் நிலை அதுவன்று. விரைவுக்காக எவரும் மடல் எழுதியதில்லை.

சிலப்பதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஊடிப் பிரிந்த கோவலனுக்கு மாதவி முதலில் விடுத்த முடங்கல் தாழையின் வெண்தோட்டில் எழுதப்பெற்றது. பித்திகை அரும்பே எழுதுகோல். செம்பஞ்சுக் குழம்பே மை. வசந்தமாலை கொண்டுசென்று கூலமறுகில் நீட்ட, அவன் வாங்க மறுத்தான். இரண்டாவது முடங்கலைக் கோசிகமாணி சுமந்து வந்து, மதுரைக்குச் செல்லும் வழியில் அவனைக் கண்டு கொடுத்தான். அதன் மண்பொறியில் பதிந்திருந்தது மாதவியின் கூந்தல் நெய்ம்மணம். படிக்கு முன்பே அம்மணம் பழைய நாள்களை உணர்த்திவிட்டமையால், கோவலனால் அதைக் கைவிட இயலவில்லை. பின்னர்ப் பிரித்துப் படித்தான். பிழை தன்னதே என்று தெளிந்தான். இளங்கோவடிகள் சொற்களை மட்டும் அனுப்பவில்லை. எழுதியவளின் கையையும் உடன் அனுப்பினார். புலனத்தில் வரும் செய்திக்கு என்ன மணம் உண்டு? ஆயிரம் பேர்க்கு ஒரே எழுத்துரு. ஆயிரம் பேர்க்கு ஒரே மலர்க்கொத்துப் படம்!

கைப்பேசியைக் கிணற்றில் எறியச் சொல்வது மடமை. நோயுற்றார் நிலையை வினவவும், பேருந்து தப்பியதைச் சொல்லவும் அதுவே தக்கது. ஆனால், அயலூரில் வேலை பார்க்கும் மகன் நாள்தோறும் "சாப்பிட்டீர்களா அம்மா?" என்று கேட்டு இரண்டு மணித்துளியில் முடித்துக்கொள்ளும் பேச்சில், அவன் உள்ளத்துக் கிடக்கை எவ்வளவு வெளிப்படுகிறது? நேரில் சொல்லக் கூசுவதையும் தாள் வாங்கிக்கொள்ளும். அதனை அந்தத் தாய் பத்தாண்டு கழித்தும் பெட்டியிலிருந்து எடுத்துப் படிப்பாள்.

பெட்டியில் வைத்துப் போற்றியதனாலன்றோ நமக்குச் சில வரலாறுகள் கிடைத்தன? ஏட்டுச்சுவடிகளைத் தேடி ஊரூராய் அலைந்த உ.வே. சாமிநாதையர் தமக்கு வந்த மடல்களைக் காத்து வைத்தார். அவற்றுள் 1877 முதல் 1900 வரையிலானவை 2018-இல் நூலாகவே வெளிவந்தன. பாவாணர் மடல்களும் அவ்வாறே தொகுக்கப்பெற்றன. இன்றைய தமிழறிஞர் இருவர் நாள்தோறும் கைப்பேசியில் ஆய்ந்து பேசுவதில், நாளை எவர் கைக்கு எது கிட்டும்?

இதனினும் பெரிய கேடு ஒன்றுண்டு. கைப்பேசியில் நம் பிள்ளைகள் எழுதும் தமிழ், தமிழெழுத்திலேயே இல்லை. உரோமன் எழுத்தில் லகர ளகர வேறுபாடு ஏது? மனமும் மணமும் ஒன்றாகின்றன. அரமும் அறமும் ஒன்றாகின்றன. வாழையும் வாளையும் கலங்குகின்றன. தமிழெழுத்திலேயே எழுத முற்பட்டாலும், பாதிச் சொல் எழுதுமுன் மீதியைக் கருவியே நீட்டிவிடுகிறது. எண்ணிச் சொல் தேடும் உழைப்பு அங்கில்லை. கைப்பட ஒரு பக்கம் எழுதுபவனோ ஒவ்வொரு றகரத்திலும் ஒரு நொடி நின்றாக வேண்டும். அந்த ஒரு நொடிதான் மொழிப்பயிற்சி.

பள்ளியில் மடல் எழுதும் பாடம் இல்லாமலில்லை. நண்பனுக்கு வாழ்த்து, ஆணையருக்கு முறையீடு என்று மாணவன் தேர்வுத் தாளில் எழுதுகிறான், கட்டம் போட்டு 'உறைமேல் முகவரி'யும் வரைகிறான், மதிப்பெண்ணும் பெறுகிறான். ஆனால் அவன் வாழ்நாளில் ஒரு மடலையேனும் அஞ்சற்பெட்டியில் இட்டதில்லை. நீந்தும் முறையைத் தாளில் எழுதி, நீச்சலில் தேறியதாகக் கொள்வது போன்றதே இது! உண்மையான பாட்டிக்கு உண்மையான மடல் எழுதச் சொல்லுங்கள். அவள் மறுமொழியை வகுப்பில் படிக்கச் சொல்லுங்கள்.

முகவரியைத் தமிழில் எழுதினால் போய்ச் சேராது என்னும் வீண் அச்சமும் படித்தவரிடத்தே மிகுதி. அஞ்சற் குறியீட்டெண் 1972 ஆகத்து 15 முதல் வழக்கில் உள்ளது. அந்த ஆறிலக்க எண் தெளிவாக இருப்பின், மடல் உரிய அஞ்சலகத்தை அடையும். அங்கிருந்து வீட்டுக்குக் கொண்டுவரும் அஞ்சற்காரர் தமிழ் அறிந்தவரே. தமிழ்நாட்டுக்குள் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குச் செல்லும் உறையின்மேல் ஆங்கிலத்துக்கு என்ன வேலை?

எழுதத் தொடங்குவோர்க்கு முதலில் கை வலிக்கும். எழுத்துக் கோணலாக வரும். அதனால் ஒன்றும் குறைவில்லை. நான்கு வரி போதும். முன்பெல்லாம் பொங்கல் வாழ்த்து அஞ்சலில் வந்து குவிந்த வீடுகள் நம்முடையவை. வரும் தை முதல் நாளுக்கேனும், அச்சிட்ட வாழ்த்தையும் படங்களையும் விடுத்து, பிறந்த ஊரில் தனித்திருக்கும் பெரியவர் ஒருவர்க்கு, பெயர் சொல்லி விளித்து, கைப்பட ஒரு மடல் எழுதுங்கள். அவர் கண்ணுக்குத் தெரியும்படி எழுத்தைச் சற்றே பெரிதாக எழுதி, ஒரு கிழமை முன்னதாகவே அஞ்சலில் இடுங்கள். மறுமொழிக்கென உங்கள் முகவரி எழுதிய உறையொன்றையும் உள்ளே வையுங்கள்.