நதியின் படமும் நாட்டின் நியாயமும்

இடவிளக்கப்படத்தை வாசிக்கும் முறையை நம் பாடசாலைகள் நன்றாகவே கற்பிக்கின்றன. சமவுயரக் கோடுகள் நெருங்கினால் குத்துச்சரிவு, விலகினால் மென்சரிவு. மாணவர் விடையெழுதிப் புள்ளியும் பெறுகின்றனர். ஆனால், அச்சரிவில் வாழ்ந்தவர் யாவர் என்று எந்த வினாத்தாள் கேட்கிறது?

களனி கங்கையை எடுத்துக்கொள்வோம். சிவனொளிபாதமலைப் பிரதேசத்தில் ஊற்றெடுத்து, 145 கிலோமீற்றர் ஓடி, கொட்டாஞ்சேனைக்கு வடக்கே கடலிற் கலக்கும் நதி இது. ஆங்கிலேயர் ஆட்சியில் நில அளவைத் திணைக்களம் வரைந்த ஓரங்குலப் படத்தில், அதன் மேற்பள்ளத்தாக்கிலே மஸ்கெலியா என்னும் ஊர் இருக்கிறது. பிந்திய படத்தில் அவ்விடம் நீலநிறம். 1969இல் மவுசாகலை நீர்த்தேக்கம் பழைய ஊரை மூழ்கடித்தது. கடும் வரட்சியில் நீர் வற்றும்போது கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் இன்றும் தலைகாட்டுகின்றன.

நாம் அணைக்கு எதிரிகளல்லர். வெள்ளவத்தையில் நம் மேசை விளக்கு எரிவதற்கு அப்பள்ளத்தாக்கின் நீரும் காரணம். கொழும்பு அருந்தும் நீரும் அம்பத்தலையில் அந்நதியிலிருந்தே எடுக்கப்படுகிறது. ஆனால், அம்மலைகளைத் தேயிலையாக்கிய மக்களின் லயன் அறைகளிற் பலவற்றில் பல்லாண்டுகளாக மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. ஒப்பந்தங்களின்கீழ் இலட்சக்கணக்கானோர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். இங்கு எஞ்சிய நாடற்றோர் 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது.

பழைய படத்தை மீண்டும் பாருங்கள். துரைமார் சூட்டிய தோட்டப் பெயர்கள் மலையெங்கும் நிற்கின்றன. அதே தோட்டங்களுக்குத் தொழிலாளர் தம் வாய்மொழியில் இட்ட தமிழ்ப் பெயர்களோ அங்கே இல்லை.

"படம் நிலத்தைக் காட்டுவது, அதில் அரசியலைத் தேடலாமா?" என்று நடுநிலையாளர் கேட்பர். எதை அளப்பது, எவர் சொன்ன பெயரை எழுதுவது என்று தீர்மானிப்பது அதிகாரம். அதற்கு அரசியல் என்றன்றி வேறு என்ன பெயர்?

ஆசிரியர்களே, மாணவர்களே! பழைய படத்தையும் புதிய படத்தையும் வகுப்பறை மேசையில் அருகருகே விரியுங்கள். எந்த ஊர் மறைந்தது, எந்தப் பெயர் நிலைத்தது என்று கேளுங்கள். அத்துடன் நிற்காதீர்கள். தோட்டத் தொழிலாளர் குடும்பங்களிற் பெருந்தொகையினருக்குத் தாம் குடியிருக்கும் மண்ணுக்கு இன்றும் காணியுறுதி இல்லை. தலைமுறை தலைமுறையாக அம்மண்ணில் உழைத்தவர்கள் வீடு கட்ட ஒரு துண்டு நிலம் கேட்கிறார்கள். அக்கோரிக்கையின் பக்கம் நிற்காத புவியியல் நமக்கு எதற்கு?