கடிவாளம் யார் கையில்?

மின்சாரம் என்றதும் ஜனங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது விளக்கு. ஆனால் மின்சாரத்தை அதிகமாக உண்பது மோட்டாரே. கிணற்று நீரை இறைப்பதும், நூற்பாலையில் கதிர்களைச் சுழற்றுவதும், அரிசி மில்லை ஓட்டுவதும், ரயிலை இழுப்பதும் அதுவே. உலகெங்கும் செலவாகும் மின்சாரத்தில் நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் மோட்டார்களுக்கே போகிறதென்று சர்வதேச எரிசக்தி ஏஜென்ஸி 2011-ம் வருஷத்தில் வெளியிட்ட கணக்கு ஒன்று கூறுகிறது. ஆகவே மோட்டாரை எவ்வாறு ஆள்வது என்பதை நிபுணர்கள் தங்களுக்குள் பேசி முடித்துக்கொள்ளட்டும் என்று நாம் விட்டுவிடுவதற்கில்லை. அது தேசத்தின் செல்வத்தைத் தொடும் விஷயம்.

மோட்டார் செய்வதில் நாம் பின்தங்கியவர்கள் அல்லோம். பைக்காரா நீர்மின் நிலையம் 1932-ம் வருஷத்தில் வேலை தொடங்கிற்று. அதன் மின்சாரம் மலையிறங்கிக் கோயம்புத்தூர் ஆலைகளை எட்டிற்று. 1937-ம் வருஷத்தில் அதே ஊரில் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் உருவாக்கிய மோட்டாரே இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மின் மோட்டார் என்று போற்றப்படுகிறது. பிறகு பம்பும் மோட்டாரும் செய்யும் பட்டறைகள் அப்பிரதேசமெங்கும் பல்கிப் பெருகின. மோட்டார் எரிந்துபோனால் காயில் கட்டித் தரும் கடை இல்லாத ஊர் இன்று தமிழ்நாட்டில் அரிது. குதிரை நம்முடையது, நமது லாயத்திலே வளர்ந்தது. அதன் கடிவாளம் யார் கையில் இருக்கிறது என்பதே நாம் கேட்க விரும்பும் கேள்வி.

நம் ஆலைகளிலும் தோட்டங்களிலும் ஓடுபவை பெரும்பாலும் இண்டக்ஷன் மோட்டார்கள். உறுதியானவை, விலை குறைந்தவை, தேய்ந்துபோகக் கார்பன் பிரஷ்கூட இல்லாதவை. ஆனால் அவற்றுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கம்பியில் வரும் மின்சாரம் விநாடிக்கு எத்தனை முறை அலைகிறதோ அதற்கேற்ற வேகத்தில்தான் அவை சுழலும். நம் தேசத்தில் அது விநாடிக்கு 50. நான்கு துருவமுள்ள மோட்டார், நிமிஷத்துக்கு 1,500 சுற்றுக்குச் சற்றுக் குறைவாக ஓடும். பாதி வேகம் போதுமென்றால் கேளாது. ஆதலால் ஆலைகளில் விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டுக் காற்று வரும் வழியைத் தகட்டினால் அடைத்தார்கள். பம்பை முழு வேகத்தில் ஓடவிட்டு வால்வைத் திருகினார்கள். காளையைத் தார்க்குச்சியால் குத்திக்கொண்டே மறு கையால் மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பிடிக்கும் வண்டிக்காரனைக் கண்டால் ஊரார் சிரிப்பார்கள். ஆலைகளில் அதைத்தான் பல்லாண்டுகள் செய்து வந்தோம்; இன்றும் பல இடங்களில் செய்துகொண்டிருக்கிறோம்.

வேகத்தை மாற்ற முன்னாளில் வழியே இல்லாமற் போகவில்லை. 1891-ம் வருஷத்தில் அமெரிக்கரான வார்டு லியோனார்டு ஒரு முறையைக் கண்டார். ஒரு மோட்டாரை ஆள்வதற்கு இன்னொரு மோட்டாரும் ஒரு ஜெனரேட்டரும் வேண்டும்! சுரங்கத்துக்கும் உருக்காலைக்கும் அது கட்டுப்படியாயிற்று. சாதாரண ஆலைக்கு எங்கே கட்டும்? 1931-ம் வருஷத்தில் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஓடத் தொடங்கிய மின்சார ரயில் நேர் மின்னோட்டத்தில் ஓடியதற்கும், அத்தகைய மோட்டாரின் வேகத்தை ஆள்வது எளிது என்பது ஒரு காரணமாகும்.

இந்தச் சங்கடத்தைத் தீர்க்க வந்ததே இன்வெர்ட்டர். மின்வெட்டின்போது வீட்டில் விளக்கெரிக்கும் பெட்டி இதற்கு உறவுதான். ஆயினும் வேலை வேறு. ஆலைக்காரர்கள் இதை டிரைவ் என்றும், வி.எப்.டி. என்றும் சொல்வார்கள். கம்பியில் வரும் மாறு மின்னோட்டத்தை இது முதலில் நேர் மின்னோட்டமாக்குகிறது. பிறகு ஆறு மின்னணு ஸ்விட்சுகள் அதை விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை துண்டு துண்டாக வெட்டி, நாம் வேண்டும் அலை எண்ணிக்கையில் மும்முனை மின்சாரமாக மோட்டாருக்கு அளிக்கின்றன. அலை எண்ணிக்கையைக் குறைத்தால் வோல்டேஜையும் அதே விகிதத்தில் குறைக்க வேண்டும். இன்றேல் மோட்டார் அளவுக்கு மீறி மின்னோட்டத்தை இழுத்துச் சூடேறும். இவ்விரண்டையும் கைக்கொண்டால், பிடிவாதக்கார மோட்டார் சொன்ன வேகத்தில் ஓடுகிறது.

இதனால் விளையும் லாபம் கற்பனையன்று. விசிறிக்கு ஓர் இயற்கை விதி உண்டு: வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால், அதற்கு வேண்டிய மின்சக்தி ஏறக்குறையப் பாதியாகிவிடும். நூற்பாலைகளில் நூல் அறாதிருக்கக் காற்றில் ஈரப்பதத்தைக் காக்கும் பெரிய விசிறிகள் இரவும் பகலும் ஓடுகின்றன. சித்திரையில் வேண்டிய காற்று மார்கழியில் வேண்டியதில்லை. 30 கிலோவாட் விசிறி ஒன்று நாளைக்கு 20 மணி நேரம் ஓடுவதாகக் கொள்வோம். முழு வேகத்தில் 600 யூனிட். நூற்றுக்கு எண்பது வேகத்தில், இன்வெர்ட்டர் தின்பதையும் சேர்த்து, சுமார் 320 யூனிட். யூனிட் 7 ரூபாய் என்று வைத்தாலும், வருஷத்தில் 300 நாளைக்கு மிச்சம் ஐந்து லட்சத்து எண்பதாயிரம் ரூபாய்க்கு மேல். ஒரே ஒரு விசிறியில் இவ்வளவு! ரிங் பிரேமிலும் நன்மை உண்டு. நூற்பு தொடங்கும்போதும் முடியும்போதும் கதிரை மெதுவாகவும், இடையில் வேகமாகவும் ஓட்டினால் நூல் அறுவது குறைகிறது. நாட்டின் நூற்பாலைகளில் ஏறத்தாழப் பாதி தமிழ்நாட்டிலேயே இருப்பதை எண்ணினால் இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது விளங்கும்.

எதற்கும் இதுவே மருந்து என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் எச்சரிக்கையாயிருக்க வேண்டும். நூறடி ஆழக் கிணற்றிலிருந்து நீரை மேலேற்றும் பம்பின் வேகத்தை ஓர் அளவுக்குக் கீழே குறைத்தால் நீர் பாதி வராது, வருவதே நின்றுவிடும். அத்தகைய விவசாயிக்கு நல்ல பம்பும் சரியான குழாயுமே முதல் தேவை. சூரிய சக்தியால் ஓடும் பம்பு செட்டுக்கோ இன்வெர்ட்டர் உயிர் போன்றது. காலை வெயில் மெலிந்திருக்கும்போது மோட்டாரை மெல்ல ஓட்டி, வெயில் ஏற ஏற வேகத்தை ஏற்றுவது அதுவே. மேலும், பழைய மோட்டாரை யோசியாமல் இன்வெர்ட்டரில் பூட்டினால், மின்துண்டுகளின் அதிர்ச்சியால் காயிலின் காப்பு கெடுவதும் உண்டு. குறைந்த வேகத்தில் மோட்டாரின் சொந்த விசிறியும் மெதுவாகிச் சூடு தணியாமற் போவதும் உண்டு. அறிந்தவர் கையால் செய்யவேண்டிய வேலை இது.

நிற்க. இந்தக் கடிவாளத்தின் உயிர்நாடி எது? மேலே சொன்ன அந்த ஆறு ஸ்விட்சுகளே. இன்று அவை பெரும்பாலும் ஐ.ஜி.பி.டி. எனப்படும் சிலிக்கன் சாதனங்கள். அதன் பிறப்பு வரலாறு நமக்கு ஒருங்கே பெருமையும் வேதனையும் தருவது. 1948-ம் வருஷத்தில் சென்னையில் பிறந்து, 1969-ல் சென்னை ஐ.ஐ.டி.யில் பட்டம் பெற்ற பி. ஜெயந்த் பாலிகா அமெரிக்கா சென்றார். அங்கே ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் ஆராய்ச்சிச் சாலையில், 1980-களின் தொடக்கத்தில், இந்தச் சாதனத்தை உருவாக்கினார். ஜப்பானியக் கம்பெனிகள் அதை மேலும் செம்மைப்படுத்தின. 2011-ல் அமெரிக்க ஜனாதிபதி அவருக்குத் தேசியப் பதக்கம் அணிவித்தார். 2024-ல் பின்லாந்தின் மில்லேனியம் டெக்னாலஜி பரிசு அவருக்குக் கிடைத்தது. இங்கேயும் வாழ்த்தினார்கள். பொன்னாடை போர்த்துவதில் நமக்கு என்றும் குறைவில்லை. ஆனால் சென்னையில் முளைத்த நாற்று அன்னிய வயலில் நடப்பட்டு, அங்கே விளைந்த நெல்லை நாம் இன்றளவும் விலைகொடுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம். நம் தேசத்தில் பூட்டப்படும் இன்வெர்ட்டர்களில் பல இங்கேயே பூட்டப்படுகின்றன. பெட்டி நம்முடையது, அட்டை நம்முடையது, உள்ளே இருக்கும் சில்லு பெரும்பாலும் ஜெர்மனியிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ சீனத்திலிருந்தோ வருவது.

இது நம்மால் ஆகாத காரியம் என்று சொல்வோர் ரயில்வேயைப் பார்க்கவேண்டும். 1990-களில் ஏ.பி.பி. கம்பெனியிடமிருந்து இன்வெர்ட்டரால் இயங்கும் மும்முனை எஞ்சின்கள் சிலவற்றை ரயில்வே வாங்கிற்று. எஞ்சினை மட்டும் வாங்கியிருந்தால் கதை அத்துடன் முடிந்திருக்கும். செய்யும் வித்தையையும் சேர்த்து வாங்கினார்கள். 1998-ம் வருஷத்திலேயே சித்தரஞ்சன் தொழிற்சாலை இவ்வகைச் சரக்கு எஞ்சின் ஒன்றைத் தானே செய்து வெளியிட்டது. பின்னர் பழைய வகை எஞ்சின்களைச் செய்வதையே நிறுத்திற்று. பிரேக் போடும்போது இந்த எஞ்சின்களின் மோட்டார்கள் ஜெனரேட்டராக மாறி, மின்சாரத்தைக் கம்பிக்கே திருப்பி அனுப்புகின்றன. பெரம்பூரில் 2018-ல் உருவான வந்தே பாரத் ரயிலும் இவ்வழியில் வந்ததே. முப்பது வருஷத்தில் எஞ்சினும் நம்முடையதாயிற்று, இன்வெர்ட்டர் செய்யும் வித்தையும் நம்முடையதாயிற்று. சில்லு ஒன்றே பாக்கி.

அதற்கும் நாம் முயலாமல் இல்லை. பாலிகா அமெரிக்காவில் உழைத்துக்கொண்டிருந்த அதே 1980-களில் மொஹாலியில் சர்க்கார் ஒரு சில்லுத் தொழிற்சாலையை நடத்தி வந்தது. 1989-ல் அது தீக்கிரையாயிற்று. அதன்பின் இத்தொழிலில் தேசம் காட்டிய சோம்பலுக்குத் தீயைக் குறைகூறுவது நியாயமாகாது. 2021-ம் வருஷத்தில் மத்திய சர்க்கார் 76,000 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை அறிவித்தது. 2024-ல் குஜராத்தின் தோலேராவில் பெரிய தொழிற்சாலைக்கு அனுமதி கிடைத்தது. வரவேற்கிறோம். ஆயினும் பத்திரிகைகளில் அடிபடுவதெல்லாம் எத்தனை நானோமீட்டர் என்ற பேச்சே. மோட்டாரை ஆளும் சில்லுக்கு அந்த நுண்மை வேண்டியதில்லை. தூய சிலிக்கனும், உயர்ந்த வோல்டேஜைத் தாங்கும் அமைப்பும், சூட்டை விரைவாக வெளியேற்றும் வகையில் அதைப் பொதியும் திறமையுமே அதற்கு வேண்டுவன. கணினிச் சில்லுக்கான தொழிற்சாலையைவிட மிகக் குறைந்த முதலில் இதைத் தொடங்கலாம். கைக்கெட்டும் கிளையை விட்டு உச்சாணிக் கொம்பையே அண்ணாந்து பார்ப்பானேன்?

சரக்கு விலைபோகுமோ என்ற அச்சமும் வேண்டாம். ரயில்வே, நகர மெட்ரோக்கள், மின்சார பஸ் ஓட்டும் போக்குவரத்துக் கழகங்கள், மானியத்தில் சூரிய பம்பு அளிக்கும் இலாகாக்கள் ஆகிய இத்தனை பெரிய வாடிக்கைக்காரர்களும் பெரும்பாலும் சர்க்காரைச் சேர்ந்தவர்களே. வீடுகளில் 75 வாட் தின்ற மேல்விசிறியின் இடத்தில் 30 வாட் அளவில் ஓடும் புதிய விசிறி வந்திருக்கிறது. அதற்குள்ளும் சின்னஞ்சிறு இன்வெர்ட்டர் உண்டு. இன்று இவர்களுடைய டெண்டர்களில் பெட்டி எங்கே பூட்டப்பட்டது என்று கேட்டால் போதாது. சில்லு எங்கே செய்யப்பட்டது என்றும் கேட்கவேண்டும். இத்தனை வருஷத்துக்குள் இத்தனை பங்கு இந்நாட்டுச் சில்லு என்று முன்கூட்டியே நாள் குறித்துச் சொன்னால், முதல் போட ஆள் வராமற் போகமாட்டார்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். காயில் கட்டத் தெரிந்தவர் ஊருக்கு ஊர் இருக்கிறார். பழுதான இன்வெர்ட்டரைத் திறந்து குறை கண்டுபிடிக்கத் தெரிந்தவர் ஜில்லாவுக்கு எத்தனை பேர்? அட்டை முழுவதையும் கழற்றி எறிந்து புதிதாக வாங்குவதே வழக்கமாகிவிட்டது. அந்த விலையைக் கேட்டுவிட்டுச் சிறிய விசைத்தறிக்காரரும் அரிசி மில்காரரும் பழைய வழிக்கே திரும்பிவிடுகிறார்கள். தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் காயில் கட்டக் கற்பிக்கும் அதே மேஜையில் இதையும் வைத்துக் கற்பிக்க வரும் கல்வியாண்டிலேயே சர்க்கார் ஏற்பாடு செய்யலாம். அதற்குத் தோலேராத் தொழிற்சாலை எழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.