காத்திருக்கச் சொல்ல நீங்கள் யார்?

இரண்டு வயதாகியும் ஒரு சொல் பேசாத, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத, ஒன்றரை வயது தாண்டியும் நடக்காத குழந்தையைத் தெரபிக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் பெற்றோரைப் பதற்றத்துக்கு அடிமையானவர்கள் என்று வைதிருக்கிறார் நான் படித்த ஒரு கட்டுரையின் ஆசிரியர். பக்கம் பக்கமாக நீளும் அவருடைய வாதத்தைப் பிழிந்தால் மிஞ்சுவது ஒரே ஒரு யோசனை: சும்மா இருங்கள், தானாகச் சரியாகிவிடும். இதைச் சொல்ல அவர் தன் தாத்தாவை, ஐன்ஸ்டைனை, காலனியத்தை, கூட்டுக் குடும்பத்தை, கைப்பேசியை என்று வரிசையாகச் சாட்சிக்கு அழைக்கிறார். ஒவ்வொரு சாட்சியையும் குறுக்கு விசாரணை செய்தால் அத்தனையும் அவருக்கு எதிராகவே பேசுகின்றன. அந்தக் கட்டுரை எத்தனை வீடுகளில் மருத்துவரைப் பார்க்கும் நாளைத் தள்ளிப்போட வைத்திருக்குமோ என்று எண்ணும்போது எனக்குக் கோபம் வருகிறது. அதை மறைக்கும் உத்தேசம் இல்லை.

முதலில் தாத்தா. நான்கு வயதுவரை வாய் திறக்காதவர் பின்னாளில் ஊர்ப் பஞ்சாயத்தில் கணீரென்று பேசினாராம். ஆகவே ஆண் பிள்ளை தாமதமாகத்தான் பேசுவான், பொறுத்திருக்க வேண்டுமாம். ஆண் குழந்தைக்கும் பெண் குழந்தைக்கும் பேச்சில் தெரியும் சராசரி வேறுபாடு ஓரிரு மாதம்; அதை வைத்து இரண்டு மூன்று ஆண்டுத் தாமதத்துக்குச் சப்பைக்கட்டு கட்ட முடியாது. தாமதமாகப் பேசத் தொடங்கும் குழந்தைகளில் கணிசமானோர் பள்ளி வயதுக்குள் மற்றவர்களை எட்டிப்பிடித்துவிடுகிறார்கள் என்பது உண்மைதான், துறையில் உள்ள யாரும் அதை மறுப்பதில்லை. ஆனால் எட்டிப்பிடிப்பவர்கள் பெரும்பாலும் யார்? சொன்னதைப் புரிந்துகொள்பவர்கள், வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுபவர்கள், வாசலில் நின்று டாட்டா காட்டுபவர்கள், அம்மாவின் முகத்தைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பவர்கள். இவை எதுவுமே இல்லாத குழந்தை வேறு. பேசாத இரண்டு குழந்தைகளில் எது எந்த வகை என்பதைப் பார்க்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத்தான் சொல்ல முடியும். அந்தப் பார்வையைத்தான் கட்டுரையாளர் வேண்டாம் என்கிறார். பேசிவிட்ட தாத்தாக்களின் கதை மட்டுமே நம் காதுக்கு வந்து சேர்கிறது என்பதாவது அவருக்கு உறைத்திருக்க வேண்டாமா? கடைசிவரை பேசாமலே போன தாத்தாவின் தம்பியும், பின்கட்டில் சோறு வைத்துக் கதவைச் சாத்தி ஒதுக்கப்பட்ட அத்தையும் எந்தக் குடும்பப் பெருமையில் இடம்பெறுகிறார்கள்? காங்ரா, பல்வல், டெங்கனால், வடக்கு கோவா, ஹைதராபாத் ஆகிய ஐந்து இடங்களில் வீடு வீடாகப் போய் எடுத்து 2018-ல் வெளியிடப்பட்ட ஆய்வு, இரண்டு வயது முதல் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 9.2 விழுக்காட்டினருக்கு நரம்புசார் வளர்ச்சிக் குறைபாடு ஏதேனும் ஒன்று இருப்பதாகக் கணித்தது. ஒரு தாத்தாவைக் காட்டி இத்தனை குழந்தைகளை மறைக்கப் பார்க்கிறார்.

ஐன்ஸ்டைனை இழுத்தது அதைவிட மோசம். அவர் தாமதமாகப் பேசத் தொடங்கியவர் என்பது தெரிந்த செய்தி. அதைக் கண்டு கவலைப்பட்ட தன் பெற்றோர் மருத்துவரிடம் ஆலோசனை கேட்டார்கள் என்று ஐன்ஸ்டைனே பின்னாளில் எழுதியதைக் கட்டுரையாளர் படித்திருக்கவில்லை. அல்லது படித்தும் விழுங்கிவிட்டார். 1879-ல் பிறந்த பிள்ளைக்காக ஜெர்மனியில் ஒரு தாயும் தகப்பனும் செய்ததைத்தான் இன்றைக்கு மதுரையிலும் தென்காசியிலும் பெற்றோர் செய்கிறார்கள். அன்று செய்தது பொறுப்பு, இன்று செய்தால் பதற்றமா?

பேசாத பிள்ளைக்கு முதலில் பார்க்க வேண்டியது காது. கட்டுரை முழுக்கத் தேடினேன், செவித்திறன் என்ற சொல்லே இல்லை. பிறந்த ஒரு மாதத்துக்குள் கேட்கும் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்பது உலகமெங்கும் ஏற்கப்பட்ட நெறி. ஆறு மாதத்துக்கு முன் கண்டறியப்பட்ட குழந்தைகளின் மொழித்திறன் பின்னர் கண்டறியப்பட்டவர்களைவிடத் தெளிவாக மேம்பட்டிருந்ததைக் கொலராடோவில் யோஷினாகா இட்டானோ குழுவினர் 1998-லேயே காட்டிவிட்டார்கள். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவைச் சிகிச்சை ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு உண்டு. தாத்தாவை நம்பி நான்கு வயதுவரை பொறுத்திருந்து, அதன் பிறகு பெரா டெஸ்ட்டுக்கு வரிசையில் நின்று, காது கேட்கவில்லை என்று தெரிந்துகொள்ளும் தாயிடம் கட்டுரையாளர் என்ன சொல்வார்? கழிந்த அந்த ஆண்டுகளை எந்தப் பண்பாட்டுப் பெருமை மீட்டுத்தரும்?

இப்போது அவருடைய பிரதான ஆயுதத்துக்கு வருகிறேன். இத்தனை மாதத்தில் குப்புற விழ வேண்டும், இத்தனை மாதத்தில் நிற்க வேண்டும் என்று குழந்தையை நாட்காட்டியில் கட்டிப்போடுவது மேற்கத்திய மருத்துவத்தின் வன்முறை என்றும், நம் மரபு குழந்தையை அளந்ததே இல்லை என்றும் சாதிக்கிறார். தமிழ் மரபைக் காக்கப் புறப்பட்டவர் பிள்ளைத்தமிழைக் கேள்விப்பட்டதில்லையா? ஐந்தாம் மாதம் செங்கீரை, ஒன்பதாம் மாதம் சப்பாணி, ஓராண்டு வாக்கில் வருகை என்று பருவம் பருவமாகப் பிரித்து, இன்ன மாதத்தில் குழந்தை இன்னது செய்யும் என்று பாட்டியல் நூல்கள் இலக்கணமே எழுதி வைத்திருக்கின்றன. நூலுக்கு நூல் ஓரிரு மாதம் முன்பின் இருக்கும். ஆனால் கணக்கே இல்லை என்று சொல்ல ஒரு நூலும் இடம் தராது. கையை ஊன்றித் தலையசைப்பது, இரு கையையும் சேர்த்துக் கொட்டுவது, தளர்நடை இட்டு அழைத்தவரிடம் வருவது என்று புலவர்கள் எண்ணியவை எல்லாம் இன்று குழந்தைநல மருத்துவர் தன் அட்டையில் குறிப்பவைதாம். கை கொட்டல் இரு கைகளின் ஒத்திசைவையும் பிறரைப் பார்த்துச் செய்யும் ஆற்றலையும் ஒருசேரக் காட்டுகிறது. அம்புலிப் பருவத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: ஓராண்டு கடந்த குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தாய் நிலாவைக் காட்டுகிறாள், குழந்தை அவள் விரலை விட்டு வானத்தைப் பார்க்க வேண்டும். ஒன்றரை வயதில் ஆட்டிசத்துக்காக உலகெங்கும் பயன்படுத்தப்படும் எம்-சாட் வினாப்பட்டியலின் முதல் கேள்வியே, அறையின் மறுபக்கம் ஒன்றைச் சுட்டிக்காட்டினால் உங்கள் குழந்தை அதைப் பார்க்கிறதா என்பதுதான். நம் பாட்டிமார் மொட்டை மாடியில் நின்று சோதித்ததை ஒரு தாளில் எழுதிக் கேட்டால் அது காலனியமாகிவிடுமா?

அந்த அட்டைகளும் அவர் நினைப்பதுபோல் வெள்ளைக்காரக் குழந்தைகளை மட்டும் வைத்துச் செய்தவையல்ல. உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட இயக்க வளர்ச்சி அளவுகள் கானா, ஓமன், நார்வே, அமெரிக்கா, இந்தியா ஆகிய ஐந்து நாட்டுக் குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து வகுக்கப்பட்டவை. அதில் தனியாக நடப்பதற்கான கால எல்லை 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம்வரை விரிகிறது. ஒவ்வொரு குழந்தையும் தனி வேகம் என்று அவர் முழங்குவதற்கு இதைவிடத் தாராளமான இடம் எங்கே கிடைக்கும்? அந்த எல்லையையும் தாண்டிய பிறகுதான் மருத்துவர் புருவம் உயர்த்துகிறார். திருவனந்தபுரத்தில் மருத்துவர் எம்.கே.சி. நாயரும் சக ஆய்வாளர்களும் 1991-ல் உருவாக்கிய வளர்ச்சி அட்டையில் இருப்பவை 17 செயல்கள். குழந்தையின் வயதுக்கு நேரே ஒரு பென்சிலை வைத்து, அதற்கு இடப்புறம் உள்ளவற்றைக் குழந்தை செய்கிறதா என்று அங்கன்வாடி ஊழியரே சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். இதில் மேற்கு எங்கே, வன்முறை எங்கே?

குழந்தைமேல் முத்திரை குத்துகிறார்கள் என்பது அடுத்த புலம்பல். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு உலகளாவிய வளர்ச்சித் தாமதம் என்று எழுதுவதே, உறுதியான நோய்ப்பெயர் சூட்டும் காலம் இன்னும் வரவில்லை என்பதால்தான். தெரபி தொடங்க அந்தப் பெயருக்குக்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை. உதவி வேண்டாம் என்று விட்ட குழந்தைக்குத் தெரு சும்மா இருக்குமா? ஊமை, மந்தம், லூசு, திமிர் பிடித்தது என்று பள்ளிக்கூடம் போகும் முன்பே அது நாலு பெயர் வாங்கியிருக்கும். மருத்துவர் எழுதும் பெயரை மாற்றி எழுதலாம். தெரு வைத்த பெயரை யார் அழிப்பது?

வணிகம் பற்றி எழுதிய பத்தியில் மட்டும் உண்மை இருக்கிறது. நான் பேச்சுப் பயிற்சியைத் தொழிலாகக் கொண்டவள், இந்தச் சந்தையின் அழுக்கை அவரைவிட அருகில் பார்க்கிறேன். முறையான படிப்பில்லாமல் பலகை மாட்டியவர்கள் இருக்கிறார்கள். ஆட்டிசத்தை அடியோடு குணப்படுத்துவதாக விளம்பரம் செய்பவர்கள் இருக்கிறார்கள். தாயை வெளியே உட்கார வைத்துவிட்டு, உள்ளே குழந்தையின் முன் படஅட்டைகளை மாற்றி மாற்றி நீட்டுவதைப் பயிற்சி என்று காசு வாங்குபவர்களும் உண்டு. அரிசியில் கல் கலந்து விற்றால் கடைக்காரனைப் பிடிப்போமா, பிள்ளைக்குச் சோறு போடுவதை நிறுத்துவோமா? மறுவாழ்வுத் துறையினர் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்று 1992-லேயே சட்டம் வந்துவிட்டது. பதிவு எண்ணைக் கேளுங்கள் என்று ஒரு வரி அவர் எழுதியிருக்கலாம். 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வந்து குழந்தைகளைப் பார்க்க வேண்டும் என்பதையும், தாமதம் தெரிந்தால் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதையும், அங்கே சேவை இலவசம் என்பதையும் எழுதியிருக்கலாம். அந்த மையங்களில் தெரபிஸ்ட் பணியிடம் ஏன் காலியாகக் கிடக்கிறது என்று அரசைப் பார்த்துக் குரல் உயர்த்தியிருந்தால் நானும் சேர்ந்து கத்தியிருப்பேன். எதையும் செய்யவில்லை. நடமாடும் குழுக்களில் ஆயுஷ் மருத்துவர்கள் இருக்க வேண்டும் என்று அந்தத் திட்டத்தின் வழிகாட்டு நெறியே சொல்வது, மேற்கத்தியச் சதியைக் கண்டுபிடித்தவரின் கண்ணில் படவே இல்லை.

தெரபி என்றால் என்ன என்பதே அவருக்குத் தெரியாது என்று நான் சொல்வது வசைக்காக அல்ல. அவர் வரைந்து காட்டும் படமே சாட்சி. நல்ல பயிற்சி தரையில் நடக்கிறது. சோப்புக் குமிழியை ஊதிவிட்டு நிறுத்துவோம், குழந்தை நம் கண்ணைப் பார்க்கும்வரை பொறுப்போம், பார்த்ததும் மீண்டும் ஊதுவோம். பிஸ்கட் டப்பாவைத் திறந்து தராமல் மூடியபடியே கையில் கொடுக்கத் தாய்க்குச் சொல்லித்தருவோம், குழந்தை உதவி கேட்க ஒரு காரணம் வேண்டுமே. வாரத்தில் ஓரிரு மணி நேரம் எங்களிடம், மிச்ச நேரமெல்லாம் வீட்டில். ஜமைக்காவின் கிங்ஸ்டனில் 1986-87-ல் ஊட்டக்குறைவால் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளில் ஒரு பகுதியினரின் வீட்டுக்குச் சமூகச் சுகாதாரப் பணியாளர்கள் வாரம் ஒரு மணி நேரம் போய், வீட்டுச் சாமான்களில் செய்த பொம்மைகளோடு விளையாடத் தாய்மாருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். இரண்டே ஆண்டு. இருபது ஆண்டு கழித்துத் தேடிப் பார்த்தபோது, அந்தப் பிள்ளைகளின் சம்பாத்தியம் உதவி கிடைக்காதவர்களைவிட ஏறத்தாழ 25 விழுக்காடு கூடுதல். கோவாவிலும் ராவல்பிண்டியிலும் ஆட்டிசக் குழந்தைகளின் பெற்றோருக்கு, நிபுணரல்லாத உள்ளூர்ப் பணியாளர்களே பயிற்சியளித்த சோதனையின் முடிவு 2016-ல் வந்தது. பெற்றோர் பிள்ளையின் போக்கறிந்து பதில் தரும் விதம் மேம்பட்டது, பிள்ளை தானாக முன்வந்து தொடர்புகொள்வதும் கூடியது. ஆட்டிசம் மறைந்துவிட்டதாக அந்த ஆய்வாளர்கள் சொல்லவில்லை, நாங்களும் சொல்வதில்லை. பணக்காரர் வீட்டு மோகம் என்று அவர் ஏளனம் செய்யும் சங்கதி, ஏழை வீட்டுத் திண்ணையில் வேலை செய்து காட்டியிருக்கிறது.

கடைசியில் பழி தாய்மேல் விழுகிறது. கைப்பேசியைக் கொடுத்துக் கெடுத்தாளாம், தனிக்குடித்தனம் போய்ப் பிள்ளையைப் பேச ஆளில்லாமல் வளர்த்தாளாம். குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று முதல் பாதி முழுக்கச் சத்தியம் செய்தவர், இரண்டாம் பாதியில் குழந்தையைக் கெடுத்தது யார் என்று விசாரணை நடத்துகிறார். ஒன்றுமே ஆகவில்லை என்றால் குற்றவாளி எதற்கு? அவருடைய தாத்தா பிறந்த வீட்டில் கைப்பேசி இல்லை, தொலைக்காட்சி இல்லை, கூடம் நிறையப் பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள். அவரும் நான்கு வயதுவரை பேசவில்லையே, அது எந்தத் தாயின் குற்றம்? இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையிடம் திரையைக் கொடுக்காதீர்கள் என்று நாங்களும்தான் சொல்கிறோம். சொல்லிவிட்டு அந்தக் குழந்தையோடு உட்கார்ந்து வேலையும் செய்கிறோம்.

விஷயம் வெளியில் தெரிந்தால் வீட்டுப் பெண்களுக்குச் சம்பந்தம் தேடுவது சிரமமாகிவிடும் என்று முடிவுரையில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதுகிறார் பாருங்கள், அங்கே சாயம் முழுக்க வெளுத்துவிடுகிறது. ஐன்ஸ்டைன், காலனியம், மரபு என்று கட்டிய பந்தலுக்கு அடியில் இருந்தது இந்தப் பழைய பயம்தான். குடும்ப மானத்துக்காக ஒரு குழந்தையின் முதல் மூன்று ஆண்டுகளைக் காவு கொடுக்கச் சொல்கிறார். அதை நேராகச் சொல்லும் துணிவில்லாமல் குழந்தையின் சுதந்திரம் என்று பெயர் சூட்டுகிறார். தேவையில்லாமல் சில மாதம் தெரபிக்குப் போன குழந்தை இழப்பது கொஞ்சம் நேரம், பெற்றோர் இழப்பது கொஞ்சம் பணம். தேவைப்பட்டும் போகாத குழந்தை எதை இழக்கிறது என்று அவர் ஒரு நொடியாவது கணக்குப் போட்டாரா?

அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போட்டவர்கள் இந்த வாரமே போங்கள். பக்கத்து அங்கன்வாடியில் நடமாடும் குழு எப்போது வரும் என்று கேளுங்கள், வரும்வரை காத்திருக்காமல் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு நேரே போங்கள். முதலில் காதைச் சோதிக்கச் சொல்லுங்கள். மாமியாரும் மாமனாரும் மறித்தால் அவர்களையும் உடன் அழைத்துப் போங்கள், பாட்டி தாத்தா கற்றுக்கொண்டால் வீட்டில் பயிற்சி தர இன்னும் இரண்டு பேர் கிடைப்பார்கள். குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று அங்கே சொன்னால் நிம்மதியாகத் திரும்புங்கள். ஏதோ இருக்கிறது என்று சொன்னால், அன்றைக்கே அடுத்த நாளுக்கான நேரத்தை எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.