நீல நைலில் ஒரு கயிறு

போர் நடவாத காலத்தில் படைவீரனுக்கு என்ன வேலை என்று வினவுவோர் உண்டு. அணிவகுப்பு, காவல், துப்பாக்கியைத் துடைத்து வைத்தல் என்று நாள்கள் கழியும். இவற்றோடு மேலைநாட்டுப் படைகளில் வேறொரு வழக்கமும் வேரூன்றியுள்ளது. ஓர் அதிகாரியின் பொறுப்பில் ஒரு சிறு குழு அயல்நாட்டுக்கு அனுப்பப்படும். விடுமுறையாக அன்று, கடமையாகவே அனுப்பப்படும். நார்வே நாட்டு ஆறுகளிலோ, ஆல்ப்ஸ் மலையிலிருந்து பாய்ந்திறங்கும் வெள்ளத்திலோ ஒடுங்கிய தோணிகளைச் செலுத்தி அவர்கள் பழக வேண்டும். சுடுவதற்கு எதிரி இல்லை. பிடிப்பதற்குக் கோட்டையும் இல்லை. ஆறும் பாறையும் அவரவர் மனத்துள் எழும் அச்சமுமே எதிரிகள். இதனைத் துணிகரப் பயிற்சி என்பர்.

அரசின் செலவில் விளையாட்டா என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு செய்தி கூறுவோம். இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பல்களால் தாக்குண்டு மூழ்கிய வாணிகக் கப்பல்களின் மாலுமிகள், உயிர்காப்புப் படகுகளில் நாள்கணக்கில் மிதந்தனர். அவர்களுள் உடல் வலிமை மிக்க இளைஞர் முதலில் இறந்தனர். நரைத்த முதியோர் பிழைத்தனர். கப்பல் முதலாளியான லாரன்ஸ் ஹோல்ட் என்பவரை இது பெரிதும் வருத்தியது. முதியோரிடம் இருந்தது உடல் வலிமை அன்று. இடுக்கணில் மனம் தளராத பழக்கமே என அவர் கண்டார். ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பி வந்த கூர்ட் ஹான் என்னும் ஆசிரியரோடு சேர்ந்து, 1941-இல் வேல்ஸ் நாட்டின் அபர்டவி என்னும் ஊரில் இளைஞர்களுக்கென ஒரு பயிற்சிப் பள்ளியை அவர் நிறுவினார். வளர்ந்த பிள்ளைகளை மலைக்கும் கடலுக்கும் அழைத்துச் சென்று பழக்கும் முறை பின்னர் பல நாடுகளிலும் பரவுவதற்கு அப்பள்ளி பெரிதும் காரணமாயிற்று.

பிரிட்டனில் கட்டாயப் படைச்சேவைக்கு அழைக்கப்பட்டோரில் கடைசி வீரர்கள் 1963-இல் வீடு திரும்பினர். விரும்பிச் சேர்வோரைக் கொண்டே படையை நடத்தும் நிலை வந்தது. அக்காலத்தில் சாண்ட்ஹர்ஸ்ட் படைக் கல்லூரியில் ஜான் பிளாஷ்ஃபோர்ட்-ஸ்னெல் என்ற பொறியியல் படைத் தலைவர் இருந்தார். பயிலும் இளைஞர்களை இயன்ற மட்டும் வெளிநாடுகளுக்கு அனுப்பி வைப்பதே அவருக்கு இடப்பட்ட பணி. அப்பணி அவரை எத்தியோப்பியாவுக்கு இட்டுச் சென்றது. பேரரசர் ஹைலே செலாசியின் விருப்பத்திற்கு இணங்க, 1968-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 70 பேர் கொண்ட குழுவுடன் நீல நைல் ஆற்றில் இறங்கினார் அவர். படைவீரர்களோடு விலங்கியல், தொல்லியல் அறிஞர்களும் எத்தியோப்பிய நாட்டவரும் அக்குழுவில் இருந்தனர்.

இந்த ஆற்றைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் உள்ள தானா ஏரியிலிருந்து புறப்படும் இதனை அந்நாட்டார் அப்பாய் என்பர். ஆதியாகமத்தில் ஏதேன் தோட்டத்திலிருந்து பிரிந்து ஓடும் நான்கு ஆறுகளுள் கூஷ் நாட்டைச் சுற்றி ஓடுவதாகக் கூறப்படும் கீகோன் இதுவே என்பது எத்தியோப்பியக் கிறிஸ்தவர்களின் தொன்மையான நம்பிக்கை. ஏரியின் தீவுகளில் பழைமையான துறவு மடங்கள் உள்ளன. நாணற்புல்லைக் கட்டிச் செய்த ஓடங்களில் துறவியர் அவற்றுக்கிடையே போய்வருவர். ஏரியை விட்டு ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அமைதியாகச் சென்ற ஆறு, திஸ் இஸாட் என்னும் பேரருவியாக வீழ்கிறது. அப்பெயருக்குப் புகையும் நெருப்பு என்று பொருள். அதன்பின் சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழம்வரை குடைந்து சென்ற பெரும்பள்ளத்தாக்குக்குள் புகுந்து, சூடான் எல்லைவரை மனித வாடையின்றியே ஓடுகிறது. நைல் நதி எகிப்துக்குக் கொண்டு சேர்க்கும் நீரில் பாதிக்கு மேற்பட்டது இவ்வாற்றின் நீரே. எகிப்து மக்கள் ஆயிரமாயிரம் ஆண்டுகளாக இதன் வண்டலில் விளைந்ததை உண்டனர். ஆயினும் அது வந்த பள்ளத்தாக்கை முழுதும் படகில் கண்டவர் எவருமிலர்.

முயன்றோர் இல்லாமல் இல்லை. 1903-இல் மக்மில்லன் என்ற அமெரிக்கர் எஃகுப் படகுகளோடு வந்து, தொடங்கிய இடத்தை விட்டுச் சிறிது தொலைவிலேயே அவற்றை இழந்தார். 1962-இல் தோணிகளில் சென்ற சுவிட்சர்லாந்துக் குழு ஒன்று இரவில் கொள்ளையரால் தாக்கப்பட்டு இருவரைப் பலிகொடுத்தது. 1965-இல் ஆர்னே ரூபின் என்ற சுவீடன் நாட்டார் தன்னந்தனியே ஒரு தோணியில் ஆற்றின் கீழ்ப்பகுதியைக் கடந்தார். மேற்பகுதியோ எவருக்கும் அடங்கவில்லை.

படையினர் மழைக்காலத்தைத் தெரிந்துகொண்டனர். வெள்ளம் மிகுந்தால் பாறைகள் மூழ்கும், இயந்திரம் பொருத்திய உலோகப் படகுகள் கீழ்ப்பள்ளத்தாக்கில் தடையின்றிச் செல்லும் என்பது கணக்கு. கீழ்ப்பகுதிக்கு அக்கணக்கு பொருந்தியது. மேற்பகுதிக்கோ காற்றடைத்த சிறு ரப்பர்ப் படகுகளே பயன்பட்டன. அவற்றைத் துடுப்பால் தள்ள வேண்டும். மழைக்காலத்து வெள்ளம் அவற்றைச் சருகுபோல் புரட்டியது. புகழ்பெற்ற மலையேற்ற வீரரான கிறிஸ் பானிங்டன், செய்தித்தாள் ஒன்றின் புகைப்படக்காரராக உடன் சென்றிருந்தார். ஆல்ப்ஸின் செங்குத்துச் சுவர்களில் நிலைதடுமாறாத அவர் இவ்வாற்றில் கவிழ்ந்து மூழ்கப் பார்த்தார். கொள்ளையரும் இருமுறை தாக்கினர். இவற்றையெல்லாம் விரித்தால் சுவையான கதையாகும். நாம் சொல்ல வந்தது வேறு.

படகை விட்டுக் கரைவழியே நடந்து சென்ற ஒரு நாளில், பெருகியோடிய துணையாறு ஒன்று குறுக்கிட்டது. எவரேனும் ஒருவர் நீந்தி அக்கரை சேர்ந்து கயிறு கட்டினால்தான் ஏனையோர் கடக்க இயலும். கார்ப்பொரல் இயன் மெக்லியோட் முன்வந்தார். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு அவர் நீரில் இறங்கினார்; மறுமுனையைக் கரையில் நின்ற தோழர் பிடித்திருந்தனர். நடு ஆற்றில் நீரின் விசை கயிற்றைப் பற்றி இழுத்தது. காக்க வேண்டிய கயிறே அவரைக் கீழே அமிழ்த்தலாயிற்று. அவர் கூவினார், கயிறு விடப்பட்டது. காப்டன் ரோஜர் சாப்மன் ஒரு கணமும் தயங்காமல் குதித்து, நீந்திச் சென்று அவரைப் பிடித்தும்விட்டார். கரையை நெருங்கும் வேளையில் பிடி நழுவியது. மெக்லியோடின் உடல் கிடைக்கவே இல்லை.

கயிறு ஏன் அமிழ்த்தியது என்று நம் வாசகர் கேட்கக்கூடும். ஓடும் நீரில் தளர்வாக மிதப்பவனை நீர் தன்னோடு கொண்டு செல்லும். ஒரே இடத்தில் கட்டி நிறுத்தப்பட்டவன்மீதோ நீர் ஏறிப் பாயும். எத்துணை வலியவனாயினும் அவன் தலை மேலே நில்லாது. ஆதலால் ஆற்று மீட்புப் பணியைக் கற்பிப்போர் இன்று, பாயும் நீரில் உடலோடு கயிற்றை முடிச்சிட்டுக் கட்டலாகாது என்கின்றனர். இழுத்த மாத்திரத்தில் அவிழும் கொக்கி உள்ள கச்சையில்தான் கயிற்றை மாட்டுவர். நம் பிள்ளைகள் கோடை விடுமுறையில் ஆற்றங்கரைக்குச் செல்லும் முன் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி இது.

இனி, நாம் நேர்மையாகக் கேட்டாக வேண்டிய கேள்வி. போர்க்களத்தில் வீழ்ந்தவன் நாட்டுக்காக வீழ்ந்தான் என்று அவன் தாயிடம் சொல்லலாம். பயிற்சிக்காகவும், ஒரு பேரரசரின் விருப்பத்திற்காகவும், செய்தித்தாளின் பொருளுதவியோடும் நடந்த பயணத்தில் மகனை இழந்த தாயிடம் என்ன சொல்வது? அப்பயணத்தால் விளைந்த நன்மை சிறிதன்று. அறிவியலார் பல உயிரினங்களைச் சேகரித்தனர். அடுத்த ஆண்டே, 1969-இல், அறிவியல் ஆய்வுப் பயணங்களுக்கென ஒரு சங்கம் தோன்றிற்று. அதன் வழியாக 1978 முதல் 1980 வரை டிரேக் பயணமும், 1984-இல் ராலே பயணமும் தொடங்கப்பெற்று, பல நாட்டு இளைஞர்கள் தொலைநாடுகளுக்குத் தொண்டாற்றச் சென்றனர். இவ்வளவும் உண்மை. இவற்றைத் தராசின் ஒரு தட்டில் வைத்து, மறு தட்டில் ஓர் உயிரை வைக்க நமக்கு மனம் வரவில்லை.

உயிர் நமக்குச் சொந்தமன்று, இறைவன் நம்மிடம் ஒப்படைத்தது என்று திருச்சபை கற்பிக்கிறது. அதனால் ஆபத்துள்ள செயல் யாவும் பாவமாகிவிடுமோ? புனித தாமஸ் அக்குவினாஸ் அவ்வாறு கூறவில்லை. மனத்திடம் என்னும் புண்ணியத்தை ஆராயுமிடத்தில், அதற்கு மாறான குற்றங்களாக மூன்றைக் குறிக்கிறார் அவர். மிதமிஞ்சிய அச்சம் ஒரு குற்றம். அஞ்ச வேண்டியதற்கும் அஞ்சாமை மற்றொன்று. அறிவின் கடிவாளமின்றிப் பாயும் துணிச்சல் மூன்றாவது. மேலும், மனத்திடத்தின் தலையாய செயல் தாக்குவதன்று, தாங்குவதே என்றும் அவர் எழுதுகிறார். படைவீரரைப் பற்றியும் அவ்விடத்தில் அவர் ஆராய்கிறார் என்பது கவனிக்கத்தக்கது.

இக்கண்கொண்டு நோக்கினால், சாப்மன் நீரில் குதித்தது மனத்திடம் என்பதில் நமக்கு ஐயமில்லை. மூழ்குபவன் தோழன், காலமோ ஒரு நொடி. மழை வெள்ளத்தில் அவ்வாற்றின் மேற்பகுதியில் இறங்கத் துணிந்ததை அதே சொல்லால் போற்ற நாம் தயங்குகிறோம். பிரிட்டிஷ் படையிலும் இப்போது துணிகரப் பயிற்சிக்குக் கட்டுப்பாட்டுக்குள் அமைந்த ஆபத்து என்றே இலக்கணம் கூறுகின்றனர். தகுதிச் சான்று பெற்ற பயிற்சியாளர் இல்லாமல் எக்குழுவும் புறப்படக் கூடாது.

அச்சமும் குற்றமே என்ற சொல், வீட்டில் இருக்கும் நம்மையும் விடவில்லை. மகன் சாரணர் முகாமுக்குச் செல்ல அனுமதி கேட்கிறான். தண்ணீர்ப் பக்கமே போகாதே என்கிறார் தந்தை. அத்துடன் கடமை முடிந்ததாக எண்ணுகிறார். நீந்தத் தெரியாத பிள்ளை பத்திரமான பிள்ளை அன்று. அவன் கால் தவறும் நாள்வரை அவனுக்கு ஒன்றும் நேரவில்லை, அவ்வளவே. உடன் செல்லும் ஆசிரியர் யார், அவருக்கு நீச்சல் தெரியுமா, வெள்ளம் கூடினால் திரும்பிவிடலாம் என்று சொல்லும் அதிகாரமும் மனமும் அவருக்கு உண்டா என்று விசாரித்து, விடை சரியானால் அனுப்பும் தந்தையே விவேகமுள்ளவர். விசாரியாமல் அனுப்புபவரையும் விசாரியாமல் மறுப்பவரையும் நாம் வேறு வேறாகக் கருதவில்லை.

தாங்குதல் என்று அக்குவினாஸ் கூறியதற்குச் சான்று தேடி வேறெங்கும் செல்ல வேண்டியதில்லை. நீல நைலின் ஊற்றை முதன்முதல் கண்ட ஐரோப்பியர் ஒரு குருவானவர். இயேசு சபையைச் சேர்ந்த பேத்ரோ பாயஸ் அடிகளார் ஸ்பெயின் நாட்டவர். 1589-இல், அக்பர் அரசவையில் இருந்து திரும்பியிருந்த மோன்செராத் அடிகளாரோடு கோவாவிலிருந்து எத்தியோப்பியாவுக்குக் கப்பலேறினார். அரேபியக் கரையில் இருவரும் பிடிபட்டனர். ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் ஏமன் நாட்டுச் சிறைகளிலும், துடுப்புத் தள்ளும் அடிமையாகக் கப்பலிலும் கழிந்தன. மீட்கப்பட்டுக் கோவாவுக்குத் திரும்பிய அவர் அத்துடன் ஓய்ந்தாரில்லை. ஆர்மீனிய வணிகர் வேடத்தில் மீண்டும் புறப்பட்டு, 1603-இல் எத்தியோப்பியாவில் கால் வைத்தார். அந்நாட்டு மொழிகளைக் கற்றார். தம் கையாலேயே கல் கொத்தி, தானா ஏரிக்கரையில் அரசருக்கு மாளிகை எழுப்பினார். 1618-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள், அரசர் சுசேனியோஸின் படையோடு சென்றபோது கீஷ் என்னுமிடத்தில் ஆற்றின் ஊற்றுகளைக் கண்டார். அவற்றைத் தேடிச் சென்றவரல்லர் அவர்; கண்டதைத் தம் வரலாற்று நூலில் குறித்துவிட்டுத் தம் பணிக்குத் திரும்பினார். ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் அங்கு வந்த ஜேம்ஸ் புரூஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர், தாமே முதலில் கண்டதாகச் சாதித்தார்.

அடிகளாரின் பொறுமையால் அரசரே 1622-இல் கத்தோலிக்கரானார். அவ்வாண்டே அடிகளாரும் இறைவனடி சேர்ந்தார். அவருக்குப் பின் வந்த மறைமுதல்வர் அபோன்சோ மெந்தெஸ், மக்களின் தொன்மையான வழிபாட்டையும் வழக்கங்களையும் ஒரே மூச்சில் மாற்ற முனைந்தார். நாட்டில் குருதி சிந்திற்று, 1632-இல் அரசர் முடி துறந்தார், குருக்கள் வெளியேற்றப்பட்டனர். துணிச்சல் மெந்தெசுக்கும் குறைவில்லை. நம் திருச்சபையின் வரலாற்றில் இப்பக்கத்தை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

படையினர் சென்ற நான்கு ஆண்டுகளுக்குப்பின், 1972-இல், மைக் ஜோன்ஸ் என்ற மருத்துவ மாணவரும் அவர் நண்பர்களும் ஒற்றையாள் தோணிகளில் அதே ஆற்றில் இறங்கினர். பெரும்படையும் இயந்திரமும் இன்றி, துடுப்பை மட்டும் நம்பிச் சென்றவர்கள் அவர்கள். பின்னாளில் மருத்துவரான அவர் 1976-இல் எவரெஸ்ட் சிகரத்தின் அடியிலிருந்து வரும் தூத் கோசி ஆற்றிலும் தோணி செலுத்தினார். 1978-இல் காரகோரம் மலையின் பிரால்டு ஆற்றில், ஆபத்தில் சிக்கிய தோழனைக் காக்கச் சென்று தம் உயிரை இழந்தார். அப்போது அவருக்கு முப்பது வயதும் நிரம்பவில்லை.

படையினரின் படகுகள் சூடான் எல்லையை நோக்கி விரைந்த கீழ்ப்பள்ளத்தாக்கு இன்று பெரும் ஏரியின் அடியில் கிடக்கிறது. 2011-இல் தொடங்கிய பேரணையை எத்தியோப்பியா 2025 செப்டம்பரில் திறந்து வைத்தது. மேலே, பாயஸ் அடிகளார் கண்ட கீஷ் ஊற்றுகளில் அந்நாட்டுக் கிறிஸ்தவர்கள் இன்றும் கூடுகின்றனர். அந்நீரைப் புனித நீராகக் குடுவைகளில் முகந்து, நோயுற்றோருக்காக வீட்டுக்கு எடுத்துச் செல்கின்றனர்.